நிரலை எழுதும் நிரல்

2022ஆம் ஆண்டு ஆகஸ்டு 7ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எஸ்.எல்.வி. என்னும் சிறிய ஏவூர்தி தன் முதல் பயணத்தைத் தொடங்கியது. இரண்டு செயற்கைக்கோள்களை அது சுமந்து சென்றது. அவற்றுள் ஒன்று, 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகளின் கைவண்ணம். ஏவூர்தியின் திட எரிபொருள் நிலைகள் மூன்றும் ஒழுங்காகவே எரிந்தன. ஆயினும், 356 கிலோமீட்டர் உயரத்தில் வட்டமாக அமைய வேண்டிய சுற்றுப்பாதை, ஒரு பக்கம் 356 கிலோமீட்டரும் மறுபக்கம் 76 கிலோமீட்டருமாக நீள்வட்டமாகிவிட்டது. 76 கிலோமீட்டர் உயரத்திலும் காற்று உண்டு. மிக மெல்லிய காற்றுதான். ஆனால் நொடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் பாயும் பொருளுக்கு அது சாமானியமான தடையன்று. இரண்டு செயற்கைக்கோள்களும் வளிமண்டலத்தில் இறங்கிப் பயனற்றுப் போயின.

என்ன நடந்தது? இரண்டாம் நிலை பிரிந்தபோது, கருவிகள் இருக்கும் தட்டு சிறிது நேரம் கடுமையாக அதிர்ந்தது. அதனால் முடுக்கத்தை அளக்கும் கருவிகள் தம் அளவின் எல்லையைத் தாண்டிய எண்களைக் காட்டின. ஏவூர்தியிலிருந்த கணிப்பொறி அவற்றைக் கவனித்தது. "இந்தக் கருவிகள் பழுதாகிவிட்டன" என்று முடிவு செய்தது. அவற்றை ஒதுக்கிவிட்டு, இக்கட்டான வேளைக்கென்று வைத்திருந்த மாற்று வழிக்குப் போய்விட்டது. கருவிகளோ பழுதாகவில்லை! அதிர்ச்சி அடங்கியதும் அவை சரியாகவே இயங்கியிருக்கும்.

வாசகர்கள் இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த நிரலில் எழுத்துப்பிழை இல்லை. கூட்டல் கழித்தலில் தவறு இல்லை. எழுதப்பட்டபடியே அது நடந்தது. கருவி எப்போது பழுதானதாகக் கருதப்பட வேண்டும் என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள்; நிலை பிரியும் அதிர்ச்சி உண்மையில் எப்படி இருக்கும், எவ்வளவு நேரம் நீடிக்கும் என்ற அறிவுதான் அதில் போதவில்லை. பிரிக்கும் அமைப்பையும் இந்தத் தர்க்கத்தையும் திருத்திய பின், 2023 பிப்ரவரி 10இல் இரண்டாவது எஸ்.எஸ்.எல்.வி. வெற்றிகரமாகச் சென்றது.

இந்த ஏவூர்தி எங்கள் பகுதிக்கு அந்நியமன்று. சாத்தான்குளத்துக்குக் கிழக்கே, உடன்குடி தாண்டிக் கடலோரத்தில் இருக்கும் குலசேகரன்பட்டினத்தில், இதற்கென்றே ஓர் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28இல் அடிக்கல் நாட்டப்பட்டது. ஆகவே, "நிரல் தவறுவது எங்கே?" என்ற கேள்வி எங்கள் மாணவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கேள்வி. அதனோடு ஒட்டிய இன்னொரு கேள்வியும் உண்டு. நிரலை மனிதன் வரி வரியாக எழுதத்தான் வேண்டுமா? "எனக்கு இன்னது தேவை" என்று சொன்னால் கணிப்பொறியே எழுதிக்கொள்ளாதா?

பழைய கனவு

இந்தக் கனவு கணிப்பொறியோடு கூடவே பிறந்தது என்று சொல்லலாம். தொடக்கக் காலத்தில் நிரல் எழுதுவது என்றால், எந்த எண்ணை எந்த அறையிலிருந்து எடு, எதில் வை என்று இயந்திரத்தின் மொழியிலேயே எழுத வேண்டும். ஜான் பேக்கஸ் என்பவரின் தலைமையில் ஐ.பி.எம். நிறுவனத்தில் ஒரு குழு, ஃபோர்ட்ரான் என்னும் மொழியை உருவாக்கி 1957இல் வெளியிட்டது. ஒரு சூத்திரத்தைக் கணிதத்தில் எழுதுவது போலவே எழுதலாம். இயந்திர ஆணைகளாக அதை மாற்றும் வேலையைக் கணிப்பொறியே பார்த்துக்கொள்ளும். அதன் கையேட்டின் தலைப்பிலேயே "தானியங்கி" என்னும் பொருள்படும் சொல் இருந்தது. அதாவது, இன்று நாம் "நிரல் எழுதுவது" என்று எதைச் சொல்கிறோமோ, அதுவே அன்று "தானாக நிரல் எழுதிக்கொள்வது" எனக் கருதப்பட்டது!

மனிதன் செய்த வேலையின் கீழ்ப்படி ஒன்றை இயந்திரம் ஏற்றுக்கொள்ளும்போதெல்லாம் மனிதன் ஒரு படி மேலே ஏறிவிடுகிறான். அப்படி ஏறி ஏறி, "எப்படிச் செய்வது" என்பதெல்லாம் இயந்திரத்தின் கைக்குப் போகப் போக, "என்ன செய்ய வேண்டும்" என்பது மட்டும் மனிதனிடம் எஞ்சுகிறது. அதைத்தான் மென்பொருள் துறையில் தேவை என்கிறார்கள். இதைச் சொல்வது எளிது என்று நினைப்பவர்கள் பனங்காட்டுப் பக்கம் வந்து பார்க்க வேண்டும்.

கலயத்தில் சுண்ணாம்பு

பனையேறும் தொழில் தெரியாத ஒருவரிடம், "பாளையைச் சீவி, கலயத்தைக் கட்டி, காலையில் பதநீர் இறக்கி வா" என்று சொல்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். அவர் சொன்னபடியே செய்வார். காலையில் கொண்டு வருவது பதநீராக இருக்காது, கள்ளாக இருக்கும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. சுண்ணாம்பின் காரத்தன்மையால் நொதித்தல் தடைபடுகிறது. அதனால்தான் இனிப்பு இனிப்பாகவே நிற்கிறது. உடன்குடிப் பக்கத்தில் பிறந்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாருக்கும் தெரிந்திருப்பதாலேயே யாரும் சொல்லாமல் விடுகிற அறிவு இது.

பிறகு அதே பதநீரைக் காய்ச்சிக் கருப்பட்டி ஆக்கும்போது, "பதம் வந்ததும் இறக்கு" என்கிறோம். எது பதம்? காய்ச்சக் காய்ச்ச நீர் ஆவியாகிச் சர்க்கரையின் செறிவு கூடுகிறது. செறிவு கூடக் கூடக் கொதிநிலையும் 100 டிகிரியைத் தாண்டி மேலே போகிறது. இயற்பியல் படித்தவர் வெப்பமானியை வைத்துப் பதத்தைச் சொல்லிவிட முடியும். காய்ச்சுகிற அம்மையோ ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துச் சொல்லிவிடுவார். அவரிடம் அறிவு இருக்கிறது. அது சொற்களாக இல்லை. முதல் வகை, சொல்லாமல் விட்ட அறிவு. இரண்டாவது வகை, சொல்லவே வராத அறிவு. தேவைகளிலிருந்து நிரலைத் தானாக உண்டாக்க முயன்றவர்கள் அனைவரும் முட்டிக்கொண்டது இந்த இரண்டு சுவர்களில்தான்.

அவர்கள் கண்ட வழிதான் அறிவு மாதிரி. ஒரு தொழிலில் என்னென்ன பொருள்கள் உள்ளன, அவற்றுக்கிடையே என்ன உறவு, எந்த விதிகள் எப்போதும் மீறப்படக்கூடாது என்பவற்றைக் கணிப்பொறி படித்து ஆராயக்கூடிய வடிவில் எழுதி வைப்பது. கவனியுங்கள்: இது நிரல் அன்று. எந்த வேலையை முதலில் செய்வது, அடுத்து எதைச் செய்வது என்று இதில் இருக்காது. உலகம் எப்படி இருக்கிறது என்று மட்டுமே இருக்கும்.

மூன்றில் ஒரு பங்கு

எங்கள் கடலிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். தூத்துக்குடியில் அரசு நடத்திய முத்துக்குளிப்பு கடைசியாக நடந்தது 1961இல். அதற்கு முன், மன்னார் வளைகுடாவின் பாரில் சிப்பி முதிர்ந்திருக்கிறது என்று சோதித்துத் தெரிந்த ஆண்டுகளில் மட்டும் குளிப்பு அறிவிக்கப்படும். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளியாளிகளுக்கு. இரண்டு பங்கு அரசுக்கு. அரசின் பங்கு ஏலத்தில் விற்கப்படும்.

"குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு கொடு" என்பது தேவை. இதை ஒரு நிரலாளரிடம் கொடுத்தால், எண்ணிக்கையை 3ஆல் வகுத்து ஒரு வரியில் எழுதிவிடுவார். வேலை முடிந்தது. முடிந்ததா?

அறிவு மாதிரி எழுதுபவர் வேறு விதமாகத் தொடங்குவார். பொருள்கள்: தோணி, குளியாளி, சிப்பி, பங்கு, அரசு. உறவுகள்: ஒவ்வொரு சிப்பியும் ஒரே ஒரு தோணியைச் சேர்ந்தது. ஒரு தோணியில் ஒருவருக்கு மேற்பட்ட குளியாளிகள் இருக்கலாம். விதிகள்: சிப்பி முழு எண், அதை வெட்டக்கூடாது. எல்லாப் பங்குகளையும் கூட்டினால் எடுத்த சிப்பியின் எண்ணிக்கை வர வேண்டும். குளியாளிகளின் பங்கு மொத்தத்தில் மூன்றில் ஒன்று.

இவ்வளவு எழுதியதுமே கணிப்பொறி கேள்வி கேட்கத் தொடங்கிவிடும். ஒரு தோணியில் 10,000 சிப்பி வந்தால், 3,333 வீதம் மூன்று பங்கு போக ஒன்று மிஞ்சுகிறதே, அது யாருக்கு? உங்கள் விதிகள் மூன்றும் ஒருங்கே பொருந்த முடியாதே? மூன்றில் ஒரு பங்கு தோணிக்குத் தோணி கணக்கிடப்படுமா, கரைக்கு வந்த மொத்தத்தில் கணக்கிடப்படுமா? தோணியின் சொந்தக்காரருக்கும், மேலே நின்று கயிறு பிடிப்பவருக்கும் பங்கு எதிலிருந்து வரும்? அவர்களைப் பற்றி நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே?

ஒரு சிப்பி மிஞ்சினால் என்ன குடிமுழுகிப் போகும் என்று கேட்கலாம். அந்த ஒரு சிப்பிக்குள் என்ன இருக்கிறது என்று திறக்கும்வரை தெரியாது என்பதுதான் முத்துக்குளிப்பின் சுவாரசியமே!

அறிவு மாதிரியின் உண்மையான பயன் இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. நிரலை விரைவாக எழுதித் தருவது இரண்டாவது பயன். விடுபட்டதையும் முரண்பட்டதையும், கரையில் சண்டை வருவதற்கு முன்பே காட்டிக் கொடுப்பதுதான் முதல் பயன்.

கேள்விகளுக்கெல்லாம் விடை எழுதிய பிறகு, மற்றவை பெரும்பாலும் இயந்திர வேலை. தோணி, குளியாளி என்னும் பொருள்களிலிருந்து தரவுத்தள அட்டவணைகளை உண்டாக்கலாம். உறவுகளிலிருந்து, கணக்கர் எண்களைப் பதிவு செய்யும் திரையை உண்டாக்கலாம். விதிகளிலிருந்து, தவறான எண்ணை ஏற்க மறுக்கும் சோதனைகளை உண்டாக்கலாம். நாளை மூன்றில் ஒன்று நான்கில் ஒன்றாக மாறினால், மாதிரியில் ஓரிடத்தில் திருத்தினால் போதும். அட்டவணையும் திரையும் சோதனையும் மீண்டும் உண்டாக்கப்பட்டுவிடும். கையால் எழுதிய நிரலாக இருந்தால், அந்த 3 என்னும் எண் எத்தனை இடங்களில் ஒளிந்திருக்கிறதோ, யார் கண்டது?

இன்னொரு செய்தியையும் சொல்லிவிட வேண்டும். எதிர்க்கரையில், இலங்கையின் முத்துக்குளிப்பில், கொண்டுவந்த சிப்பியைக் குளியாளிகளே மூன்று குவியலாகப் பிரிப்பார்கள்; அரசு அதிகாரி தமக்கு வேண்டிய இரண்டு குவியல்களைச் சுட்டிக்காட்டுவார். மிஞ்சியது குளியாளிகளுக்கு. பிரிப்பவருக்குத் தேர்வு இல்லை. தேர்பவருக்குப் பிரிக்கும் உரிமை இல்லை. எனவே குவியல்கள் சமமாக இருப்பது பிரிப்பவருக்கே நலம். எண்ணாமலே நியாயம் கிடைத்துவிடுகிறது! "மொத்தத்தை 3ஆல் வகு" என்று மட்டும் மாதிரியில் எழுதினால் இந்த அருமையான முறை அதற்குள் அடங்காது. "இரு தரப்பும் ஏமாறக்கூடாது" என்ற நோக்கத்தையும் எழுதினால்தான், வகுப்பதும் குவிப்பதும் அந்த நோக்கத்தை அடையும் இரண்டு வழிகள் என்று விளங்கும். நல்ல அறிவு மாதிரியில் விதி மட்டுமன்றி, விதியின் காரணமும் இடம்பெற வேண்டும் என்று ஆய்வாளர்கள் வற்புறுத்துவது இதனால்தான்.

பூனாவில் நடந்த முயற்சி

இதெல்லாம் ஏட்டளவில் நின்றுவிட்டதா? இல்லை. நம் நாட்டிலேயே பெரிய அளவில் செய்து பார்த்திருக்கிறார்கள். டாட்டா கன்சல்டன்சி சர்வீசஸ் நிறுவனம் பூனாவில் 1981இல் ஓர் ஆராய்ச்சி மையத்தை ஏற்படுத்தியது. 1990களில் அங்கே வினய் குல்கர்னி, ஸ்ரீதர் ரெட்டி ஆகியோரும் அவர்களுடைய குழுவினரும், மாதிரியிலிருந்து நிரலை உண்டாக்கும் கருவிகளை உருவாக்கினார்கள். மாஸ்டர்கிராஃப்ட் என்னும் பெயரில் அவை பயன்பாட்டுக்கு வந்தன.

அவர்களை இதற்குத் தூண்டியது யாதெனில், வங்கி மென்பொருளின் இயல்பு. வட்டி கணக்கிடும் விதி பல ஆண்டுகள் மாறாமல் இருக்கலாம். ஆனால் அது ஓடும் கணிப்பொறி, தரவுத்தளம், நிரல் மொழி எல்லாம் சில ஆண்டுகளுக்கு ஒரு முறை மாறிக்கொண்டே இருக்கின்றன. கையால் எழுதிய நிரலில் இந்த இரண்டும் பின்னிப் பிணைந்து கிடப்பதால், கணிப்பொறி மாறும்போது வட்டி விதியையும் சேர்த்துத் திரும்ப எழுத வேண்டியதாகிறது. எனவே இரண்டையும் பிரித்தார்கள். வங்கி என்றால் என்ன, கணக்கு என்றால் என்ன, எந்தத் திரையில் எது தெரிய வேண்டும், எது தரவுத்தளத்தில் சேர வேண்டும் என்பவை ஒருபுறம் மாதிரியாக இருந்தன. அந்த மாதிரியை இன்ன மொழியில் இன்ன தரவுத்தளத்துக்கு ஏற்ற நிரலாக மாற்றும் கருவி மறுபுறம் இருந்தது. தொழில்நுட்பம் மாறினால் கருவியை மாற்றினால் போதும். வங்கித் துறையிலும் காப்பீட்டுத் துறையிலும் பல பெரிய மென்பொருள்கள் இவ்வழியில் கட்டப்பட்டன.

முழுவதும் தானாக வந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. நுணுக்கமான கணக்கீடுகளை மனிதர்களே ஓர் உயர்நிலை மொழியில் எழுத வேண்டியிருந்தது. மாதிரியை எழுதுவதும் லேசான வேலையன்று. ஆனால் திரும்பத் திரும்ப ஒரே அச்சில் வரும் பகுதிகள் இயந்திரத்திடம் போயின. அப்படிப்பட்ட பகுதிகள் வணிக மென்பொருளில் எவ்வளவு அதிகம் என்பதை அந்தத் துறையில் வேலை பார்ப்பவர்களிடம் கேட்டால் பெருமூச்சோடு சொல்வார்கள்.

இதற்கும் முன்பு, 1986இல், இந்திய அரசின் மின்னணுத் துறை அறிவு சார்ந்த கணிப்பொறி அமைப்புகளுக்கென்று ஒரு தேசியத் திட்டத்தைத் தொடங்கியது. அதில் சென்னை ஐ.ஐ.டி.யும் பங்கேற்றது. ஒரு துறை வல்லுநரின் அறிவை "இப்படி இருந்தால் இப்படிச் செய்" என்னும் விதிகளாகச் சேர்த்து வைப்பது அக்காலத்து அணுகுமுறை. உலகெங்கும் இம்முயற்சியில் இருந்தவர்கள் கண்ட பெரிய இடையூறு, கணிப்பொறியின் வேகம் அன்று. வல்லுநரின் மனத்திலிருந்து அறிவை வெளியே எடுப்பதுதான். கருப்பட்டி காய்ச்சும் அம்மையின் விரல் நினைவுக்கு வருகிறதல்லவா?

பரிமாணம் என்னும் காவலர்

இயற்பியல் மாணவர்கள் தம்மை அறியாமலே ஓர் அறிவு மாதிரியைத் தினமும் பயன்படுத்துகிறார்கள். ஒரு சமன்பாட்டின் இரு பக்கமும் பரிமாணம் ஒத்திருக்க வேண்டும் என்பது நாம் முதலாண்டிலேயே கற்பிக்கும் விதி. நீளத்தோடு நேரத்தைக் கூட்ட முடியாது. மீட்டரோடு அடியைக் கூட்டுவதானால் முதலில் மாற்றிக்கொள்ள வேண்டும். விடையைக் கணக்கிடாமலே, சமன்பாட்டைப் பார்த்த மாத்திரத்தில் "இது தவறு" என்று சொல்ல இந்த விதி போதும்.

கணிப்பொறிக்கோ 5 என்பது வெறும் 5. மீட்டரா, அடியா என்று நாம் சொல்லி வைத்தாலொழிய அதற்குத் தெரியாது. இதன் விலையை 1999 செப்டம்பர் 23ஆம் நாள் அமெரிக்காவின் நாசா கொடுத்தது. செவ்வாயைச் சுற்றிவர அனுப்பிய விண்கலத்தின் சிறு உந்துபொறிகள் தந்த கணத்தாக்கை, தரையிலிருந்த ஒரு மென்பொருள் பவுண்டு-நொடி அலகில் எழுதி வைத்தது. அதைப் படித்த மற்றொரு மென்பொருள் நியூட்டன்-நொடி என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறத்தாழ 4.45 நியூட்டன். அந்தச் சிறு பிழை மாதக்கணக்கில் சேர்ந்து, கலம் திட்டமிட்ட உயரத்தைவிட மிகத் தாழ்வாகச் செவ்வாயின் வளிமண்டலத்துக்குள் புகுந்து அழிந்தது. இரண்டு மென்பொருள்களும் தனித்தனியே சரிதான். எண்ணோடு அதன் அலகும் சேர்ந்துதான் பயணிக்க வேண்டும் என்னும் விதியைக் கணிப்பொறியே சரிபார்க்கும் வண்ணம் எழுதி வைத்திருந்தால், ஏவுவதற்கு முன்பே அது மணியடித்திருக்கும்.

"உம்" படுத்தும் பாடு

தேவைகளை மனிதர் எழுதுவது பேச்சு மொழியிலும் அரசாணை மொழியிலும். அதிலிருந்து மாதிரிக்கு வருவது எப்படி? பூனா மையத்தினரே பின்னாளில் இதில் இறங்கினார்கள். வங்கி வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்ப்பது பற்றிய ரிசர்வ் வங்கியின் விதிமுறைகளை எடுத்துக்கொண்டு, அவற்றை ஒரே பொருள் தரும் கட்டுப்பாடான வாக்கியங்களாகத் திருத்தி எழுதி, அவற்றிலிருந்து கணிப்பொறி விதிகளை உண்டாக்கும் வழிகளை ஆராய்ந்தார்கள். சாதாரண மொழிக்கும் நிரல் மொழிக்கும் நடுவே ஒரு படிக்கட்டு என்று இதைச் சொல்லலாம்.

தமிழில் இதைச் செய்வதானால் வேடிக்கையான சிக்கல்கள் வரும். "பன்னிரண்டாம் வகுப்பு தேறியவர்களும் பட்டயம் பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம்" என்ற அறிவிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் உடையவர் மட்டுமா, ஏதாவது ஒன்று உடையவரா? ஏதாவது ஒன்று போதும் என்று நமக்குத் தெரியும். ஆனால் "சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் இணைக்க வேண்டும்" என்றால் இரண்டும் வேண்டும். "உம்" ஒன்றுதான், தர்க்கத்தில் ஓரிடத்தில் "அல்லது", இன்னோரிடத்தில் "மேலும்". எது எங்கே என்று தெரிவது இலக்கணத்தால் மட்டும் அன்று. அலுவலகத்தில் என்ன நடக்கும் என்ற உலக அறிவால்.

"வரை" என்னும் சொல்லும் அப்படித்தான். தமிழ்நாட்டின் கிழக்குக் கடலில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. இது எத்தனை நாள்? இரண்டு தேதிகளையும் கழித்துப் பார்க்கும் நிரல் 60 என்று சொல்லும். ஏப்ரலில் 16, மே மாதத்தில் 31, ஜூனில் 14 ஆக 61 நாள் என்பதுதான் சரி. ஜூன் 14 அன்று கடலுக்குப் போகலாமா கூடாதா என்பது படகுக்காரருக்கு அபராத விஷயம். மேலும், கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில் தடைக்காலம் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அதுவும் 61 நாள்தான், ஆனால் வேறு 61 நாள். "தமிழ்நாட்டில் தடைக்காலம்" என்று மாதிரியில் எழுதினால் தவறாகிவிடும். தடை மாநிலத்தோடு ஒட்டியதன்று, கரையோடு ஒட்டியது. நாட்டுப்படகு இதில் சேராது என்பதையும் எழுத வேண்டும். இப்படி ஒவ்வொன்றாகத் தோண்டத் தோண்ட, ஒரு மீன்துறை எழுத்தர் மனத்தில் எவ்வளவு பெரிய அறிவு மாதிரி இருக்கிறது என்று வியப்பு உண்டாகிறது.

பேச்சிலிருந்தே நிரல்

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு, நிலைமை வெகு வேகமாக மாறிவிட்டது. ஏராளமான எழுத்துகளையும் நிரல்களையும் படித்துப் பயின்ற இத்தகைய மொழி மாதிரிகளிடம், தமிழிலேயே "இப்படி ஒரு நிரல் வேண்டும்" என்று கேட்டால் சில நொடிகளில் எழுதித் தருகின்றன. அப்படியானால் இத்தனை பாடுபட்டு அறிவு மாதிரி எதற்கு?

முத்துச் சிப்பியையே எடுத்துக்கொள்வோம். "குளியாளிகளுக்கு மூன்றில் ஒரு பங்கு" என்று இவற்றிடம் கேட்டால் நிரல் வந்துவிடும். மிஞ்சிய சிப்பி யாருக்கு என்று அது உங்களைக் கேட்கலாம்; பல வேளைகளில் கேட்காமல், தானே ஒரு முடிவை எடுத்து நிரலுக்குள் வைத்துவிடவும் கூடும். நிரல் ஓடும், விடையும் வரும். குளியாளியின் பங்கு ஒவ்வொரு தோணியிலும் ஒன்றிரண்டு குறைந்துகொண்டே வருவது யார் கண்ணிலும் படாமல் போகலாம். முன்பு நிரலாளர் ஒருவர் இத்தகைய முடிவை எடுத்தால், "ஏன் இப்படி எழுதினீர்?" என்று கேட்க ஓர் ஆளாவது இருந்தார்.

ஆகவேதான் இரண்டையும் இணைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. மொழி மாதிரி, மனிதன் சொன்ன தேவையைப் படித்து அறிவு மாதிரியின் வரைவை எழுதுகிறது. தொழில் தெரிந்தவர் அதைப் படித்துத் திருத்துகிறார். தர்க்கச் சோதனைக் கருவிகள் அதில் முரண்பாடு இருக்கிறதா என்று பார்க்கின்றன. அதன் பிறகே நிரல் உண்டாக்கப்படுகிறது. உண்டாக்கிய நிரல் அந்த விதிகளை மீறுகிறதா என்றும் சோதிக்கப்படுகிறது. விரைவாக எழுதும் ஒருவருக்கும் விடாப்பிடியாகச் சரிபார்க்கும் ஒருவருக்கும் வேலையைப் பங்கிட்டுக் கொடுப்பது போன்றது இது.

1986இல் ஃபிரெடெரிக் புரூக்ஸ் என்னும் அமெரிக்கப் பொறியாளர் ஒரு கட்டுரையில், மென்பொருளின் கடினங்களை இரண்டாகப் பிரித்தார். கருவிகளின் குறையால் வருபவை ஒருவகை. எதைக் கட்டுவது என்று தெளிவாகத் தீர்மானிப்பதில் உள்ளவை மற்றொரு வகை. முதல் வகை குறைந்துகொண்டே போகும், இரண்டாவது வகை இருந்துகொண்டே இருக்கும் என்பது அவர் வாதம். மொழி மாதிரிகள் வந்த பின்னும் அது பொய்த்துவிட்டதாக எனக்குத் தோன்றவில்லை.

எங்கள் கல்லூரி மாணவர்கள் பலர் தமிழ்வழியில் படித்துவிட்டு வருகிறவர்கள். நிரல் எழுதுவது ஆங்கிலவழியில் படித்தவர்களின் சொத்து என்ற தயக்கம் அவர்களிடம் முன்பே உண்டு. இப்போது "அதையும் இயந்திரமே எழுதிவிடுகிறது, இனி நாங்கள் எதற்கு?" என்ற கவலையும் சேர்ந்துகொண்டது. நிரலின் வரிகளை மட்டும் கற்றுக்கொண்டு பிழைப்பது இனிமேல் கடினம். இதை மறைப்பதில் பயனில்லை. ஆனால் உப்பளத்தில் பாத்தி கட்டுவதையும், வலை பின்னுவதையும், கருப்பட்டிப் பதத்தையும் வீட்டிலேயே கண்டு வளர்ந்த மாணவருக்கு, ஆங்கிலத்தில் எழுதப்படாத அறிவு கைவசம் இருக்கிறது. அதைப் பொருள், உறவு, விதி என்று பிரித்து எழுதும் பழக்கம் வந்துவிட்டால், அவர் செய்வது இயந்திரத்துக்குப் போட்டியான வேலையன்று. இயந்திரத்துக்கு வேண்டிய வேலை.

பழகிப் பார்க்கக் கணிப்பொறிகூடத் தேவையில்லை. தாளும் பென்சிலும் போதும். உங்கள் பள்ளி நூலகத்தின் விதி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள்: "எடுத்த நூலை 14 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 1 ரூபாய் அபராதம்." எடுத்த நாள் கணக்கில் சேருமா? 14ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை என்றால்? மழைக்காகப் பள்ளிக்கு விடுமுறை விட்ட நாளுக்கும் அபராதம் உண்டா? நூலின் விலையைவிட அபராதம் அதிகமாகிவிட்டால்? நூலகர் விடுப்பில் இருந்தால் யாரிடம் திருப்பித் தருவது? இன்னும் எத்தனை கேள்விகள் எழும் என்று எழுதிப் பாருங்கள். எழுதியதை நூலகரிடம் காட்டுங்கள். அவற்றுள் சிலவற்றுக்கு அவர் யோசிக்காமலே விடை சொல்வார். சிலவற்றுக்குச் சற்று நேரம் உங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த இரண்டாவது வகைக் கேள்விகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள்.